நேற்றுப் போன வழி

ஜீப்பில் ஏறி உட்காருகிற எவனும் முன்னால்தான் பார்ப்பான். அவர் ஒருத்தர்தான் பின்னால் பார்ப்பார். வண்டி நகர்ந்ததுமே கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, சக்கரம் எங்கே பதிகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறது சார் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சுளுக்கினா ரெண்டு நாள்ல சரியாயிடும் டிரைவரே. தடம் விழுந்தா சரியாகாது" என்பார்.

கேம்ப்பில் அவருக்கு வைத்த பெயர் 'பழைய தடம்'. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பேர் நாலு பேர் வாயில் விழுவது அவருக்கு எப்போதும் கூச்சம். முத்துப்பேட்டைப் பக்கத்து ஆள், சர்வேயர். நான் அருப்புக்கோட்டை. லாரி ஓட்டிக் கெட்டுப்போன வாய், மூக்குக்கு மேல் கோபம். எழுபதுகளின் நடுவில் துபாய்க்கு வடக்கே ஒரு கம்பெனி கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து கல் ஏற்றிவரும் லாரிகளுக்கு வழி குறித்துக் கொடுப்பது அவர் டியூட்டி. அவரை ஏற்றிக்கொண்டு அலைவது என் டியூட்டி.

தார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் அப்புறம் ரோடு என்று ஒன்று கிடையாது அப்போது. ஸ்டியரிங்கைத் திருப்பின பக்கமெல்லாம் ரோடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நம்ம ஊரில் மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினவனுக்கு அந்த வெட்டவெளியைப் பார்த்ததும் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது. முதல் வாரமே பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க டிரைவரே. நேத்து எந்த வழியா வந்தோம்?"

"அந்தா, அந்த மேட்டுக்கு அங்கிட்டு."

"அதுல போங்க."

"சார், இது நேராப் போகுது. அஞ்சு நிமிஷம் மிச்சம்."

"நேத்துப் போன வழி இருக்கும்போது இன்னிக்கு எதுக்கு ஒரு வழி?"

இதை அவர் வாயால் நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். கோபமாகச் சொல்லமாட்டார். அதுதான் எரிச்சல். ஒருநாள் பொறுக்க முடியாமல் எஞ்சினை அணைத்து, "அப்ப நீங்களே ஓட்டிக்கங்க" என்று சாவியைப் பிடுங்கி சீட்டில் போட்டேன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அது எனக்கும் தெரியும். மனுஷன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கி, பழைய தடம் இருக்கிற இடம்வரை வெயிலில் நடந்துபோய், அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றுகொண்டார். பத்து நிமிஷம் பார்த்தேன். அப்புறம் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்துப் போய் அவரை ஏற்றிக்கொண்டேன். "வந்த தடத்துலயே ரிவர்ஸ் வந்தீங்களே, அதான் கெட்டிக்காரத்தனம்" என்றார். கேலியா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொரு நாள் ஓர் இடத்தில் இறக்கி, தரையில் ஓடின இரண்டு கோடுகளைக் காட்டினார். சக்கரத் தடம்தான். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

"எண்ணெய் தேடி வந்தவங்க போனது. நம்ம கம்பெனி வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முந்தி. ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு தடவை. அக்கம்பக்கத்துல பாருங்க, செடி இருக்கு. இதுக்குள்ள ஒரு புல்லாவது இருக்கா?"

குனிந்து தேடினேன். ஒன்றுகூட இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உள்ளே ஏதோ கொஞ்சம் உறைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அது வேறு.

மண்ணை வாயில் போட்டுப் பார்க்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, "இங்க உப்பு ஜாஸ்தி, அடியில தண்ணி நிக்குது, லோடு வந்தா புதையும்" என்பார். உப்பளக் கரையில் வளர்ந்த நாக்கு. ஒருநாளும் தப்பியதில்லை. லாரிக்காரர்கள் அவரைக் கேலி பண்ணுவார்கள், ஆனால் அவர் அடித்த குச்சியை விட்டு ஒரு முழம் நகரமாட்டார்கள். சிவப்புத் துணி கட்டின குச்சி இரண்டு வரிசையாக நின்றால் நடுவே கண்ணை மூடிக்கொண்டு போகலாம். எங்களுக்கு அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

சைட்டுக்குத் தெற்கே கடல் உள்ளே புகுந்து கழியாகக் கிடக்கும். கரையில் அலையாத்தி மரங்கள், அதற்கு இப்பால் உப்புச்செடிப் புதர்கள். அந்தப் புதருக்கு நடுவே நீளவாக்கில் ஒரு துண்டு நிலம், ஒரு கல்யாணப் பந்தல் அகலம் இருக்கும். சேர்ந்த முதல் மார்ச் மாதம் என்னை அங்கே கூட்டிப்போனார். ஜீப்பைக் கால் மைலுக்கு அந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லிவிட்டார். நடந்துதான் போனோம்.

தரையைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பாக ஏதோ எழும்பி நின்றது. இலை கிடையாது, பச்சையே கிடையாது. மக்காச்சோளக் கதிரை ரத்தத்தில் முக்கி நட்டு வைத்த மாதிரி. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது, ஐம்பது இருக்கும்.

"என்ன சார் இது, பாத்தாலே பகீர்ங்குது?"

"ஒட்டகம் மேய்க்கிற ஒருத்தர் தர்தூத்துன்னாரு. இந்தக் கரை முழுக்க நடந்து தேடிட்டேன் டிரைவரே. நான் பாத்தவரைக்கும் இங்க மட்டும்தான் இருக்கு. வருஷம் பூரா மண்ணுக்குள்ள கெடக்கும். பக்கத்துச் செடியோட வேர்லதான் சாப்பாடு. கொஞ்ச நாள் மட்டும் வெளிய வரும்."

"நம்ம மாதிரின்னு சொல்லுங்க. எப்பவோ ஒரு லீவு."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த மார்ச்சில்தான் வினை வந்தது. கல் லாரிகள் கழியைச் சுற்றிப் போவதால் நேரமாகிறது, குறுக்கு வழி வேண்டும் என்று போர்மேன் கத்த ஆரம்பித்திருந்தார். வெள்ளைக்காரர், நல்லவர்தான், ஆனால் கடிகாரத்துக்குப் பிறந்தவர். நம்ம சார் மனதில் ஒரு வழி இருந்தது. மணல்மேட்டை ஒட்டி ஒட்டகங்கள் நடந்து நடந்து இறுகிப்போன ஒரு தடம். அதில் குச்சி அடிக்கிறதற்குள் அவருக்குக் கன்னம் வீங்கிவிட்டது. கடைவாய்ப் பல். மண்ணைத் தின்றால் பல் சும்மா இருக்குமா என்று கேம்ப்பில் ஒரே சிரிப்பு. துபாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற அன்று காலையில், நான் டீசல் போடப் போயிருந்த நேரத்தில், வலியோடு தனியாக நடந்துபோய், எந்த வண்டியும் உள்ளே போய்விடக்கூடாது என்று அந்தத் துண்டு நிலத்தைக் காபந்து பண்ணிவிட்டுப் போனார்.

எப்படிப் பண்ணினார் தெரியுமா? இந்தப் பக்கம் ஒரு வரிசை குச்சி, அந்தப் பக்கம் ஒரு வரிசை குச்சி. எல்லாவற்றிலும் சிவப்புத் துணி. வேலி போடுகிறோம் என்று நினைத்திருக்கிறார் பாவம். பல்வலியில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் போர்மேன், "சர்வேயர் ஏதாவது குறித்திருக்கிறாரா, போய்ப் பார், இருந்தால் லாரிகளைக் கூட்டிப்போ" என்றார். போனேன். தூரத்திலிருந்தே சிவப்புத் துணி ஆடுகிறது, இரண்டு வரிசை. அட, நம்ம சார் குறுக்கு வழி குறித்துக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எந்த இடம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. அவர் அடித்த குச்சிக்கு நடுவில் யோசித்துப் பழக்கமே இல்லை எனக்கு. யல்லா, வாங்கடா என்று கையைக் காட்டிவிட்டு ஜீப்பை முன்னால் விட்டேன். பின்னால் பதினோரு லாரி, முழு லோடு.

பாதி தூரம் போனபிறகுதான் சக்கரத்துக்கடியில் சதக் சதக் என்று ஏதோ நசுங்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிவப்பு.

நின்றால் பின்னால் வருகிறவன் வந்து ஏறுவான். கடைசிவரை போய், குச்சி முடிந்த இடத்தில் ஜீப்பை ஒடித்துத் திருப்பி, புதருக்கு வெளியே சுற்றிக்கொண்டு கேம்ப்புக்கு ஓடிவந்தேன். போர்மேனிடம் போய் இது வழி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். நான்தான் முன்னால் போனேன் என்று சாருக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயம்தான், வேறென்ன. இரண்டு நாள் லாரிகள் போய்வந்தன.

மூன்றாம் நாள் வாயில் பஞ்சோடு வந்து இறங்கினார். கழிப் பக்கம் போகச் சொன்னார். நான் பழைய இடத்திலேயே ஜீப்பை நிறுத்தினேன். நடந்துபோய்ப் பார்த்தார். ஒரு எட்டுகூட உள்ளே வைக்காமல் ஓரமாகவே கடைசிவரை நடந்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"முதல்ல உள்ள போனது யாரு டிரைவரே?"

"தெரியல சார். கல் லாரிக்காரன் எவனாச்சும் இருக்கும்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

போர்மேனுக்கோ ஒரே குஷி. வழி பிரமாதம், சனிக்கிழமை கப்பி கொட்டி ரோலர் விட்டு நிரந்தரமாக்கு என்றார். கப்பி விழுந்தால் அதோடு தீர்ந்தது கதை. நம்ம சார் போய் நின்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செடி, பூ என்று அவர் வாயே திறக்கவில்லை. கடிகாரத்துக்குப் பிறந்தவரிடம் கடிகாரத்தைத்தான் பேசினார். அந்த மண் மழைக்குத் தாங்காது, வருஷாவருஷம் லாரி புதையும். மணல்மேட்டுத் தடத்தில் அரை மைல்தான் கூடுதல், எந்த மழைக்கும் நிற்கும்.

"அந்தத் தடத்துல லோடு லாரி போகும்னு எப்படிச் சொல்ற?"

"நாளைக்குக் காலையில ஒரு லாரியைப் போகச் சொல்லுங்க. புதைஞ்சா எனக்கு டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுங்க."

போர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அனுப்பத்தான் செய்வேன்" என்றார்.

அனுப்புவார் என்று எல்லாருக்கும் தெரியும். வீசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டால் திரும்பி வருவது குதிரைக்கொம்பு. அவரை நம்பி ஊரில் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனையும் இரண்டு வரிசைக் குச்சிக்கு நடுவே நான் ஆக்சிலேட்டரை மிதித்ததால். எந்த லாரி டிரைவரும் அந்தப் புதுத் தடத்தில் போக ஒத்துக்கொள்ளவில்லை. புதைந்தால் ஏச்சு வாங்கப்போவது டிரைவர்தானே. "நான் ஓட்டுறேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

காலையில் டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு லாரிக்கு முன்னால் நடந்தார். குதிகாலால் தரையைத் தட்டித் தட்டி, சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, "வாங்க, வாங்க" என்று கையாட்டிக்கொண்டு. பல் பிடுங்கின வாய் அது. பின்னால் போர்மேன் தன் வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

முக்கால் வழியில் ஒரு பள்ளம். முன்சக்கரம் ஏறிவிட்டது. பின்சக்கரம் இறங்கினது, இறங்கினதுதான். லாரி ஒரு பக்கம் சாய்ந்து முனகியது. கருப்பா, இந்த ஒருக்கா மட்டும், உனக்குக் கிடா வெட்டறேன் என்று வாய்விட்டே கத்தினேன். அவர் ஓடிவந்தார். லாரியில் கட்டியிருந்த இரண்டு பலகையை உருவி, மண்டிபோட்டுக் கையாலேயே மண்ணைத் தோண்டிச் சக்கரத்துக்குக் கொடுத்தார்.

"பிரேக்கைத் தொடாதீங்க. ஒண்ணாம் கியர். விடாம வாங்க. நின்னுடாம வாங்க!"

பலகை படார் என்று வெடித்தது. லாரி ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏறிவிட்டது. அப்புறம் கெட்டித் தரை. சைட்வரை ஒரே ஓட்டம். லோடைத் தட்டிவிட்டு இறங்கி அங்கேயே கீழே உட்கார்ந்து சிரித்தேன். போர்மேன் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தப் பள்ளத்தில் கப்பி போடு. கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். கலாஸ் என்கிற வார்த்தை அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதோடு முடிந்ததா என்றால், லாரிக்காரர்களை அந்தக் குறுக்கு வழிக்குள் விடாமல் இருக்கவேண்டுமே. அரை மைல் மிச்சம் என்றால் விடுவானா டிரைவர்?

"குச்சி அடிச்சா உள்ள வர்றீங்க. குச்சி இல்லைன்னாலும் வருவீங்க. எதைப் பாத்தாதான் வண்டியத் திருப்புவீங்க டிரைவரே?" என்று நிஜமாகவே கேட்டார்.

"புதைஞ்ச வண்டியப் பாத்தா."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். கேம்ப்புக்குப் பின்னால் பாழாய்க் கிடந்த ஒரு லாரியின் முன்பாகத்தை இழுத்துவந்து, அந்த வழியின் வாயில் குழி தோண்டி, மூக்குக் குப்புற ஜன்னல்வரை புதைத்து வைத்தோம். ஒரே வாரம். முழு லாரியையே மண் விழுங்கிவிட்டது, மேலே இருப்பது மிச்சம்தான் என்று ஒரு டிரைவர் எனக்கே வந்து கதை சொன்னான். ஆமாமா, நான் கண்ணால் பார்த்தேன் என்று நானும் ஒத்து ஊதினேன். அப்புறம் ஒருத்தனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் நசுங்கினது நசுங்கினதுதானே. புதர்கள் பாதி ஒடிந்து கிடந்தன. வேர் செத்திருந்தால் அதைக் குடித்து வளர்கிற சிவப்புக் கதிரும் செத்தது என்றார் சார். அடுத்த மார்ச் வரை தெரியாது. அந்த ஒரு வருஷமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினேனே, அது ஒரு தண்டனை. பர் துபாய்க் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனால் எல்லாரும் ஊரை நினைத்து வேண்டுவார்கள். நான் அந்தச் செடியை நினைத்து வேண்டினேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் இரண்டு மழை பெய்தது. மார்ச் பிறந்தது. அவர் உள்ளே போகவில்லை. தடத்திலேயே நின்று, அளக்கிற கருவியின் தூரக்கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பி தினமும் பார்ப்பார். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தினமும் ஒன்றும் காணோம் என்று மூடி வைப்பார். ஒருநாள், "நீங்க பாருங்க டிரைவரே, எனக்குக் கண்ணு கலங்குது, தூசி" என்றார்.

பார்த்தேன். வானம் கீழே, மண் மேலே. அந்த மண்ணிலிருந்து கருஞ்சிவப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"சார்! சார், ரெண்டு இருக்கு சார்!"

"நான் மூணு எண்ணினேன்" என்றார்.

நடந்துபோனோம். பதினேழு இருந்தது. ஒன்று நேராகச் சக்கரக் குழியின் விளிம்பில் மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றது. குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"நம்ம ஜீப்புல இடது பின் டயர் ஒண்ணு வேற பட்டனா இருந்துதே, மாத்திட்டீங்களா?"

"அது அப்பவே தேஞ்சு மாத்தியாச்சே சார். எதுக்கு?"

"இல்ல. மூணு டயர் ஒரு மாதிரி, அது மட்டும் கட்டம் கட்டமா விழும். அந்தா, அந்தக் கடைசியில, லாரி எதுவும் திரும்பாத எடத்துல ஒரு ஜீப் ஒடிச்சுத் திரும்பியிருந்தது. அதுல கட்டம் கட்டமா விழுந்திருந்தது."

"எப்ப பாத்தீங்க?"

"அன்னிக்கே."

"ஒரு வருஷமாவா சார்? ஏன் சார் கேக்கல?"

"கேட்டேனே. நீங்கதான் தெரியலைன்னீங்க." மெதுவாக எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "மறுநாள் லோடு லாரி ஓட்டுறேன்னு வந்து நின்னீங்க. அப்புறம் என்ன கேக்கிறது? அதுவுமில்லாம ரெண்டு வரிசை குச்சி அடிச்சவன் நான். எந்த டிரைவர்தான் உள்ள வரமாட்டான்?"

நான் அழுதேன். வெட்கம் என்ன வெட்கம், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதேன். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லோடை யாரோ தட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று கதிர்களை இன்னொரு தரம் எண்ணுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வந்த காலடிகள் மேலேயே காலை வைத்து நடந்தோம். அவர் சொல்லவில்லை, நானாகத்தான். ஜீப் கிளம்பினது. அன்றைக்கு அதிசயமாக அவர் தலையை வெளியே நீட்டவில்லை. சீட்டில் சாய்ந்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்தான்.